எம்.எஸ். தொடக்கத்திலேயே குறையும் மூளை வேகம்: எப்படி அளப்பது, எங்கே ஏமாறுவோம்

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் (எம்.எஸ்.) என்றதும் கண் மங்கல், கால் மரத்துப்போவது, நடைத் தள்ளாட்டம் என்றுதான் பேச்சு ஓடும். யோசிக்கும் வேகம் குறைவதை யாரும் கேட்பதில்லை. நோயாளியே சொன்னாலும் 'டென்ஷன்' என்று முடித்துவிடுவார்கள். எம்.எஸ். நோயாளிகளில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. சிலருக்கு முதல் தாக்குதலின்போதே.

புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோ எழுதிவிட்டார். ஆனால் 1983இல் வந்து இன்றுவரை கோலோச்சும், எம்.எஸ். பாதிப்பை 0 முதல் 10 வரை அளக்கும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோல், 4 புள்ளியைத் தாண்டினால் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பதையே பெரிதாகப் பார்க்கும். ஃபைலில் 1.5, அதாவது லேசான பாதிப்பு, என்று இருப்பவர் ஆபீஸ் மீட்டிங்கில் திணறிக்கொண்டிருக்கலாம்.

முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் வேகம். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை கழன்றால் அதில் சமிக்ஞை தாமதமாகும், சில சமயம் நின்றேபோகும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பிடிபடாது, போனில் கேட்டுக்கொண்டே எழுத வராது. 'மறதி' என்று அவர்கள் சொல்வதில் பாதி, விஷயம் முதல் தடவை உள்ளேயே போகாததுதான். இன்னும் ரெண்டு முறை நிதானமாகச் சொன்னால் நன்றாக நினைவில் நிற்கும். அல்சைமரோடு குழப்பிப் பயப்படுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணி இதைக் கணிக்க முடியாது. மூளையின் பல வழித்தடங்கள் கூடும் சந்திப்பான தலாமஸ் நோயின் ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குகிறது; மூளையின் வெளி அடுக்கான புறணியில் உள்ள புண்களில் பெரும்பாலானவை வழக்கமான எம்ஆர்ஐயில் தெரிவதே இல்லை. ஆரோக்கியமான மூளை வருடத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் சுருங்கும். சிகிச்சை இல்லாத எம்.எஸ்.இல் 0.5 முதல் 1.35 வரை.

அளக்கச் சுலபமான வழி எஸ்.டி.எம்.டி. என்ற தேர்வு. தாளின் மேலே 9 குறிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே வரிசை வரிசையாகக் குறிகள் மட்டும். முதல் 10 கட்டங்களில் பழகிக்கொண்டு, பிறகு 90 விநாடியில் எத்தனைக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார் என்று எண்ணுவார்கள். வாயால் சொல்லும் வடிவத்தைத்தான் கேளுங்கள். எழுதச் சொன்னால் கை நடுக்கமும் மதிப்பெண்ணில் சேர்ந்துவிடும். முந்தைய மதிப்பெண்ணைவிட 4 குறைந்தால் அசட்டை செய்யக் கூடாது. நோய் உறுதியானதும் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை என்பது 2018இல் வந்த நிபுணர் பரிந்துரை. முதல் எண் கையில் இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. நன்றாகப் படித்தவர் 60லிருந்து 50க்கு இறங்கினாலும் 'நார்மல்' என்றே ரிப்போர்ட் வரக்கூடும்.

தேர்வு தப்பாகப் போவதும் உண்டு. கண்ணாடியை மறந்து வருவது, பார்வை நரம்பு அழற்சி முழுசாக ஆறாதது, நாக்குழறல், முந்தின இரவு தூக்கமின்மை, வெக்கையான அறை (உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அறிகுறி கூடும்). ஒரே தாளைச் சில வாரத்திலேயே திரும்பக் கொடுத்தால் மதிப்பெண் தானாக ஏறும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவதில் பொருளில்லை.

மூளையின் கனஅளவு ரிப்போர்ட்டிலும் இதே மாதிரி பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு ஏற்றினாலோ நடாலிசுமாப் போன்ற வலுவான மருந்தைத் தொடங்கினாலோ வீக்கம் வடிந்து மூளை சுருங்கினதுபோலத் தெரியும். மருந்தை மாற்றிய 6 முதல் 12 மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனைத்தான் புதுத் தொடக்கமாக வைக்க வேண்டும். உடலில் நீர் குறைந்திருந்தாலும் அளவு குறையும். ஒவ்வொரு முறையும் அதே மெஷின், அதே ஸ்கேன் முறை (3டி டி1) இருக்கட்டும். ஒற்றை வருட வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பதறவே கூடாது.

மதிப்பெண் குறைந்தால் எம்.எஸ். மேல் பழி போடுவதற்கு முன் மனச்சோர்வு, தைராய்டு, பி12, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப்போங்கள். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினினும் தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்ளோஃபெனும் மூளையை மந்தமாக்கும். புதிய தாக்குதல் சில சமயம் கை கால் எதையும் தொடாமல் இந்த எண்ணை மட்டுமே கீழே தள்ளும் என்பதால், காரணம் எதுவும் சிக்காவிட்டால் எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

ஞாபகத்துக்கென்று தனி மாத்திரை கேட்பவர்கள் நிறைய. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் நம்பிக்கை தந்தது. 2011இல் வெளியான பெரிய ஆய்வில் பலனில்லை. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதும் புகையை விடுவதும் மூளைச் சுருக்கத்தைக் குறைக்க உதவும். கதையாகவும் படமாகவும் இணைத்து மனப்பாடம் செய்யும் 10 அமர்வுப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வீட்டில், டிவியை அணைத்துவிட்டு ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசுவது. ஆபீஸில், கடினமான வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, வாயால் வரும் உத்தரவை வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொல்லிக் கேட்பது.