சிக்ஸர் அடித்தது யார்? சீனத் தோழியோடு ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த கதை

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக் வீட்டில் எனக்கு அறைத்தோழியாக வந்தவள் சீனாவின் செங்டு ஊர்க்காரி. என்னைவிட நாலு வயது சின்னவள், அதனால் என்னை 'சியே' என்று கூப்பிடுவாள். நம் ஊர் 'அக்கா' மாதிரிதான். இரண்டு பேரும் அதே வருடம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது, சேர்ந்தே படித்தோம். இலக்கணத்தில் அவள் என்னைவிடக் கெட்டி. எழுத்துப் பிழையே வராது. ஆனால் விளையாட்டு மைதானத்திலிருந்து அன்றாடப் பேச்சுக்குள் வந்த ஆங்கிலச் சொற்றொடர் ஒன்று காதில் விழுந்தால் போதும், அப்படியே நின்றுவிடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வேலையிலிருந்து வந்தாள். ஏதோ ஒரு கருவி வாங்குவதற்கு மேலாளர் அவளிடம் 'பால்பார்க் ஃபிகர்' கேட்டிருக்கிறார். ஃபிகர் என்றால் எண். அது அவளுக்குத் தெரியும். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, வரியைச் சேர்த்து, டாலர், சென்ட் வரைக்கும் சுத்தமாகக் கணக்குப் போட்டு மூன்றாம் நாள் அனுப்பினாள். அவர் கேட்டதோ அந்த நிமிடமே வாயால் சொல்லக்கூடிய 'சுமார் இருபதாயிரம் ஆகும்' என்ற ஒரு பதில்! 'இதுக்கா மூணு நாள்?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். மைதானத்துக்குள்ளே இருந்தால் சரி, சரியாக எந்த இடம் என்று வேண்டாம். இந்தப் படம் மனதில் இருந்திருந்தால் அவள் மூன்று நாள் அலைந்திருக்க மாட்டாள். அவளிடம் பட்டியல் இல்லாமல் இல்லை. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் சீனம் என்று எங்கிருந்தோ இறக்கிய கோப்பு ஒன்று வைத்திருந்தாள். வரிசையாக ஒப்பிப்பாள். அதிலும் 'பால்பார்க்' இருந்ததாம், மீட்டிங்கில் ஞாபகம் வரவில்லை.

அவளைப் பார்த்து நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டது உண்மை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர் ஆயிற்றே, எனக்கு இதெல்லாம் வராதா என்ற நினைப்பு. அந்த வாரமே மாதிரிப் பேச்சுத் தேர்வில் மாட்டினேன். வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு எப்படி இருந்தது என்று பயிற்சி ஆசிரியர் கேட்டார். 'இட் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்' என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'ஏன், வேலை பிடிக்கவில்லையா?' என்றார். தமிழில் 'சிக்ஸர் அடிச்சான்' என்றால் அடித்தவனுக்குக் கொண்டாட்டம். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் அடித்தவர் இல்லை, அடி வாங்கி எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்த பந்து. அதிர்ந்து போனேன், ஆடிப் போனேன் என்பதுதான் பொருள்.

அன்றிலிருந்து எங்கள் நோட்டில் பொருளுக்கு முன்னால் ஒரு கேள்வி எழுத ஆரம்பித்தோம்: இந்தப் படத்தில் நான் யார்? பந்தா, மட்டையா, அடித்தவனா, அடி வாங்கினவனா, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவனா? இந்த ஒரு கேள்வி அந்த முழுக் கோப்பையும்விட எங்களுக்கு உதவியது. ஒரு சொற்றொடருக்கு அரை நிமிடம் ஆட்டத்தைக் காணொளியில் பார்ப்போம், பிறகுதான் அகராதி.

'ஹேண்ட்ஸ் டவுன்' இப்படித்தான் விளங்கியது. அவளுடைய அலுவலகக் குழு ஏதோ போட்டியில் 'வான் ஹேண்ட்ஸ் டவுன்' என்று மின்னஞ்சல் வந்தபோது, கையைத் தூக்குவது சரணடைவது என்றால் இறக்குவது என்ன என்று குழம்பிப்போனாள். குதிரைப் பந்தயத்தின் கடைசி நீட்சியைப் பார்த்தோம். பக்கத்தில் யாராவது இருந்தால் ஜாக்கி கடிவாளத்தோடு கையைத் தள்ளித் தள்ளிக் குதிரையை விரட்டுகிறார். பின்னால் யாருமே இல்லை என்றால் கையைத் தளர்த்தித் தாழ்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தே கோட்டைத் தாண்டிவிடுகிறார். ஆக, ஹேண்ட்ஸ் டவுன் என்றால் அலுங்காமல் ஜெயிப்பது.

குத்துச்சண்டை ஒன்றுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. 'த்ரோ இன் த டவல்' என்றால் குளித்துவிட்டுத் துண்டைத் துவைக்கப் போடுவது என்றே அவள் நினைத்திருந்தாள். வளையத்தின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர், தன் ஆள் இனி தாங்கமாட்டான் என்று தெரிந்ததும் துண்டை உள்ளே வீசுகிற காட்சியைக் காட்டினேன். பேச்சில் மட்டும் ஒரு சின்ன மாற்றம்: வேறு யாரும் வீச வேண்டியதில்லை, விட்டுக்கொடுப்பவரே 'துண்டை வீசினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். 'சேவ்டு பை த பெல்' என்பது பள்ளிக்கூட மணியைப் பற்றியது என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம். குத்து வாங்கித் தள்ளாடும்போது சுற்று முடிந்ததாக அடிக்கும் மணி அது.

கிரிக்கெட்டிலும் நமக்குக் கண்ணி உண்டு. 'ஸ்டிக்கி விக்கெட்' என்றதும் நான் ஸ்டம்பைத்தான் நினைத்தேன். இங்கே விக்கெட் என்றால் பிட்ச். பிட்சை மூடி வைக்காத காலத்தில் மழை பெய்து, பிறகு வெயிலில் காயத் தொடங்கும் தரையில் பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இக்கட்டில் நிற்பதைத்தான் சொல்கிறார்கள். இன்னொரு ஜோடி: 'ஆஃப் யுவர் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது, கிரிக்கெட்டிலிருந்து வந்தது. 'ரைட் ஆஃப் த பேட்' என்றால் எடுத்த எடுப்பிலேயே, பேஸ்பாலிலிருந்து வந்தது. சிங்கப்பூர் அலுவலகங்களில் பிரிட்டிஷ் வழக்கும் அமெரிக்க வழக்கும் ஒரே மின்னஞ்சலில் கலந்து வரும், அதனால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படம் கைகொடுக்காத இடமும் உண்டு. கோல்ஃபில் ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வைத்திருக்கும் 'பார்' கணக்கைவிடக் குறைந்த அடியில் முடித்தால் கெட்டிக்காரர். பேச்சில் 'பிலோ பார்' என்றால் மட்டம், அல்லது உடம்பு சரியில்லை. கோல்ஃபுக்கு முன்பே வணிகத்தில் புழங்கிய சொல் அது. இந்த மாதிரி இடத்தில் வாதாடிப் பயனில்லை, மனப்பாடம்தான்.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தச் சொற்றொடர் தன் மொழியிலேயே இருக்கிறதா என்று அவள் தேடுவாள், நான் தமிழில் தேடுவேன். டார்க் ஹார்ஸுக்குச் சீனத்தில் 'ஹெய் மா', கறுப்புக் குதிரை, எதிர்பாராமல் ஜெயிப்பவர். அது அவளுக்கு இனாமாகக் கிடைத்தது. ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் 'யூ ஆர் எ டார்க் ஹார்ஸ்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால், இந்தத் திறமையை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாயே என்று அர்த்தம். அது அவள் பட்டியலில் இல்லை.

ஹாட்ரிக்குக்குச் சீனச் சொல் தொப்பி வித்தை என்று பொருள் தருவது. அதனால் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுக்கும் மந்திரக்காரரையே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 1858இல் ஷெஃபீல்டில் ஸ்டீவன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். பார்த்தவர்கள் காசு வசூலித்து அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். நம் ஊரில் தேர்தலில் மூன்றாம் முறை ஜெயித்தாலும் ஹாட்ரிக்தான், தொப்பியை யார் நினைக்கிறார்கள்?

'ட்டீ பீ ச்சியூ' என்று ஒன்று சொன்னாள், பந்தை உதைப்பது. ஒரு காரியமாகப் போனால் இந்த மேசை அந்த மேசை என்று பொறுப்பைத் தட்டிவிடுவது. 'எங்க ஊர்லயும் ஆபீஸ் ஆபீஸாப் பந்தாடுவாங்க' என்றேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான 'பாஸ் த பக்' சீட்டாட்டத்திலிருந்து வந்தது, பந்தே கிடையாது. இன்னொன்று 'சா பியன் ச்சியூ', விளிம்புப் பந்து. சமூக மன்றத்து மேஜைப் பந்து மேஜையில் ஆடியே காட்டினாள். பந்து மேஜையின் நுனியை உரசிச் சரேலென்று கீழே போனது, என்னால் தொடக்கூட முடியவில்லை. விதிப்படி புள்ளி அவளுக்கு. சட்டத்தை மீறாமல் அதன் ஓரத்திலேயே நின்று காரியம் சாதிப்பவரை இப்படிச் சொல்வார்களாம். தமிழில் இதற்குச் சரியான சொல் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. பதிலுக்கு அவளுக்கு நான் கொடுத்தது 'கோதாவில் இறங்கு'. கோதா என்றால் மல்யுத்தக் களம், அதை நேரில் பார்க்காமலேதான் நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நேராக இரண்டு விஷயம். கேட்டல் தேர்வில் 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். புரியாத சொற்றொடர் ஒன்று வந்தால் விட்டுவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் அடுத்த இரண்டு விடையும் கையைவிட்டுப் போகும். எனக்கு ஒரு மாதிரித் தேர்வில் அப்படித்தான் போனது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதற்கு 7 மதிப்பெண் வாங்க வழக்குச் சொற்கள் ஓரளவு வர வேண்டும் என்று மதிப்பீட்டு விவரத்தில் இருப்பது உண்மை. அதைப் படித்துவிட்டு வாக்கியத்துக்கு ஒரு பழமொழி செருகுகிறார்கள், சகிக்காது. இயல்பான சொற்சேர்க்கைகளும் அந்தக் கணக்கில் வரும். நன்றாகப் பழகிய மூன்றே மூன்று சொற்றொடரோடு போங்கள், வாய்ப்பு வந்தால் ஒன்றைச் சொல்லுங்கள், வராவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். மற்றதெல்லாம் காதுக்கு மட்டும்.

நிஜத் தேர்வில் அவளுக்குப் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில், பாதியில் கைவிட்ட ஒரு முயற்சியைப் பற்றிப் பேசச் சொல்லி அட்டை வந்திருக்கிறது. யோசிக்கக் கொடுத்த ஒரு நிமிடத்தில் நீச்சல் வகுப்பை எடுத்துக்கொண்டாள், 'கேவ் அப்' என்று எளிமையாகச் சொல்லி முடித்துவிட்டாள். கோப்பிக் கடையில் அதைக் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. 'அடியே, த்ரோ இன் த டவல் சொல்லியிருக்கலாமே! ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்குத்தானே உக்காந்தோம்?'

அவள் கோப்பியைக் கலக்கியபடியே, 'மா ஹோ பாவ், சியே' என்றாள். சீனச் சதுரங்கத்தில் குதிரைக்குப் பின்னால் நிற்கும் பீரங்கி. பலகையில் அது ராஜாவையே மடக்கும் ஆட்டமாம். பேச்சில் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு வருகிற யோசனைக்குப் பெயர். எங்கள் ஊரில் இதைக் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்போம் என்றேன். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.