ஏட்டு அண்ணனின் கேஸ் கட்டைப் படித்த நாட்கள்

2021-ல் என் அண்ணன் போலீஸ் குடியிருப்பில், தன் வீட்டிலேயே தூக்கில் தொங்கிக் கிடந்தார். ஏட்டாக இருந்தவர். குடும்பப் பிரச்சினை என்று அன்று சாயங்காலமே பேச்சை முடித்துவிட்டார்கள். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ன் கீழ் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவானது. (2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அதே பிரிவு 194.)

ஸ்டேஷனுக்கு நடந்து அலுத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டுத்தான் பேப்பர்களை வாங்கினோம். பிரேத பரிசோதனைச் சான்றிதழில் இறப்புக்கான காரணமே இல்லை. ரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைப்பு என்றிருந்தது. எதையோ மறைக்கிறார்கள் என்று பதறினேன். ஆனால் அது வழக்கம்தானாம். இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத்தில் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எங்களுக்குப் பதில் வர எட்டு மாதம் ஆனது. விஷம் இல்லை.

ஓய்வுபெற்ற தடயவியல் டாக்டர் ஒருவர் கட்டு முழுவதையும் எங்களோடு உட்கார்ந்து படித்தார். கழுத்தில் இருந்த தடம் தாடைக்குக் கீழே, சாய்வாக, முடிச்சுப் பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தது. கயிற்றால் நெரித்தால் பெரும்பாலும் தடம் தாழ்வாக, நேர்கோடாக, கழுத்தைச் சுற்றி ஓடுமாம். அப்புறம் ஒரு போட்டோவைத் திருப்பிக் காட்டினார். முடிச்சு வலப்பக்கம், வாயின் இடது ஓரத்திலிருந்து பனியன் வரை எச்சில் வழிந்து காய்ந்த கோடு. "உயிரோடு தொங்கினால்தான் தம்பி இப்படி வழியும்" என்றார். மதினி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆனால் இன்னொன்று இடித்தது. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில், தூக்கு மாட்டியது வேட்டியில் என்றிருந்தது. தடத்தின் அகலமோ ஒன்றரை சென்டிமீட்டர்தான். அகலமான மெல்லிய துணி என்றால் தடம் மங்கலாக, அகலமாகத்தான் விழும். வேட்டியைப் பிரேதத்தோடு டாக்டருக்கு அனுப்பவே இல்லை. போட்டோவில் இருந்த முடிச்சு, கோர்ட்டுக்கு வந்த வேட்டியில் இல்லை; யாரோ அவிழ்த்துவிட்டார்கள். முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டித்தான் இறக்க வேண்டும், முடிச்சைத் தொடவே கூடாது. அவ்வளவு ஆண்டு சர்வீஸில் எத்தனையோ பிரேதங்களை இறக்கிய என் அண்ணனுக்கு இது தெரியும். அவருடைய உடம்புக்கு அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

மனு போட்டோம். பிரேத பரிசோதனை செய்த டாக்டரிடம் வேட்டியைக் காட்டிக் கருத்து வாங்கக் கோர்ட் உத்தரவிட்டது. திருகியிருந்தால் அந்த அகலத்தில் தடம் விழலாம், முடிச்சு இல்லாததால் அதற்குமேல் சொல்ல முடியாது என்று எழுதிக்கொடுத்தார்.

இந்த நிலைமையில் யாராவது இருந்தால், முதல் நாளே எழுத்துமூலம் கேளுங்கள்: பிரேத பரிசோதனைக்கு வீடியோ பதிவு வேண்டும், சுருக்குத் துணியோ கயிறோ முடிச்சு அவிழாமல் பிரேதத்தோடு போக வேண்டும் என்று.

சரி, அண்ணன் தூக்கில்தான் இறந்தார் என்பதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஏன் என்பது அவர் செல்போனில் இருக்கலாம். அந்த செல்போன் ஆய்வு அறிக்கைக்கு அடுத்த மாதம் வாய்தா.