ஆறு நிமிஷம்

ஒரு கெமிக்கல் பிளாண்ட்ல டிசைன் வேலை என்னோடது. எங்கெங்க என்ன தப்பா போகலாம்னு பகுதி பகுதியா அலசுற ஹேஸாப் மீட்டிங்குல, பிளாண்டை ஓட்டுற ஆபரேட்டர் அண்ணே கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏன் தம்பி, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் கையில எவ்வளவு நேரம் இருக்கும்?" நான் சொன்னேன், "அந்த கவலையே உங்களுக்கு வேணாம்ணே, ஆபத்துன்னா தானா நிறுத்துற இண்டர்லாக் இருக்கு, அது பாத்துக்கும்." அவரு தலையாட்டிட்டு டீ கிளாஸை கீழ வெச்சாரு, நாங்க அடுத்த பகுதிக்கு போயிட்டோம். மீட்டிங் குறிப்புல அந்த கேள்வி இல்ல. பல வருஷம் ஆச்சு, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல இறங்குனாலே அந்த கேள்விதான் முதல்ல ஞாபகம் வருது.

நான் செஞ்சது தப்புன்னு இன்னைக்கும் முழுசா சொல்ல முடியல. ரியாக்டருக்கும் டிஸ்டிலேஷன் டவருக்கும் நடுவுல டொலுயீன் கலவைக்கு 12 ஆயிரம் லிட்டர் டேங்க் ஒண்ணு இருந்துச்சு, அதை 800 லிட்டரா குறைச்சேன். டொலுயீனோட ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதோட ஆவி தீப்பொறி பட்டா பத்திக்கிற குறைஞ்சபட்ச சூடு, 4 டிகிரி, நம்ம செட்டிநாட்டு வெயிலுக்கு அது எந்த நேரமும் பத்திக்க தயாரா இருக்கிற சரக்கு. காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துல படிச்சப்பவே மனசுல பதிஞ்சதுதான், 1974ல இங்கிலாந்து ஃபிளிக்ஸ்பரோ கெமிக்கல் பிளாண்ட் வெடிச்சு 28 பேர் செத்தாங்க, காரணம் உடைஞ்ச குழாய் மட்டும் இல்ல, உள்ள அவ்வளவு சைக்ளோஹெக்ஸேன் சூடா சுத்திக்கிட்டு இருந்ததும்தான். அதுக்கப்புறம்தான் டிரெவர் க்ளெட்ஸ்ங்கிற பாதுகாப்பு இன்ஜினியர், இல்லாத பொருள் லீக் ஆகாதுன்னு சொன்னாரு. போபால்ல 1984ல வெளிய வந்த விஷம் எம்ஐசி (மீதைல் ஐசோசயனேட்) வெறும் இடைப்பொருள், அத்தனை டன் சேத்து வெச்சிருக்கவே வேண்டியதில்ல. இதெல்லாம் தெரிஞ்சவன் ஒரு டேங்கை சின்னதாக்கினா அதுல என்ன குத்தம்?

ஆனா லிட்டர் கணக்கு போட்ட நான் நிமிஷ கணக்கு போடல. மணிக்கு 4 ஆயிரம் லிட்டர் ஓட்டம். டேங்க் பாதி லெவல்ல ஓடும். டவர் பக்கம் எடுக்கறது நின்னுச்சுன்னா பழைய டேங்குல மேல 6 ஆயிரம் லிட்டர் காலி, அதாவது ஒன்றரை மணி நேரம். என் டேங்குல 400 லிட்டர், அதாவது ஆறு நிமிஷம். கண்ட்ரோல் ரூம்ல இருந்து பாய்லர் வரைக்கும் நடந்து போகவே நாலு நிமிஷம் ஆகும். அண்ணே கேட்டது இதைத்தான், அவருக்கு வகுத்து பார்க்க தெரியாம கேக்கல, எனக்கு தெரியுமான்னு பார்க்க கேட்டாரோன்னு இப்ப தோணுது.

பாய்லருக்கு சீமைக்கருவேல விறகு. ஐப்பசி மழையில விறகு நனைஞ்சா ஸ்டீம் பிரஷர் இறங்கும், ஸ்டீம் இறங்குனா டவர் அடியில சூடு இல்லாம போயிடும், உடனே டவருக்கு போற ஃபீடை குறைக்கணும், குறைச்சா டேங்க் ஏறும், ரொம்ப ஏறுனா ஹைஹை லெவல் ட்ரிப்ங்கிற இண்டர்லாக் ரியாக்டரை தானா நிறுத்திடும். பெரிய டேங்க் இருந்தப்பவும் விறகு நனைஞ்சுதான் இருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது, டேங்க் அதை உள்வாங்கி வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரத்துல மெதுவா விட்டுடும். சின்ன டேங்குக்கு அந்த பொறுமை கிடையாது, ஒரு பக்க ஆட்டத்தை அப்படியே மறுபக்கத்துக்கு தள்ளும். அந்த ஒரு வாரத்துல மூணு ட்ரிப். ரியாக்டரை நிறுத்தி மறுபடி கிளப்புறதுதான் அந்த பிளாண்ட்லயே ஆபத்தான வேலை, ரெண்டாவது தடவை கிளப்புறப்ப சூடு எகிறி எல்லாரும் மூச்சை பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். நான் சரக்கை குறைச்சு ஆபத்தை எடுத்தேன்னு நெனச்சேன், அதை ஸ்டார்ட்டப்புக்கு மாத்தி விட்டிருக்கேன்.

அடுத்த ராத்திரி ஸ்டீம் மறுபடி இறங்க ஆரம்பிச்சப்ப அண்ணே ட்ரிப் வேலை செய்யாம இருக்க அதுக்கு ஜம்பர் வயர் போட்டு பைபாஸ் பண்ணிட்டாரு. லெவலை நானே பாத்துக்கறேன்னுதான் போட்டிருக்காரு, அப்புறம் பாய்லர் பக்கம் ஆள் பத்தாம அங்க ஓடியிருக்காரு. திரும்பி வர்றதுக்குள்ள ஆயிரம் லிட்டருக்கு மேல வழிஞ்சு, டேங்கை சுத்தி கட்டின தடுப்புச் சுவருக்குள்ள நின்னுச்சு. ஃபோம் அடிச்சாங்க. பத்திக்கல, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

மெமோ அவருக்குத்தான் வந்துச்சு. விசாரணையில டேங்க் சைஸ் பத்தி யாரும் கேக்கல, சரக்கு குறைஞ்சது நல்ல விஷயம்னு ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இருந்துச்சு. நான் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். பைபாஸ் போட்டது தப்புதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இன்னொரு தடவை கிளப்புறதுக்கு பயந்துதான் போட்டேன்னு அவரு சொன்னப்ப, அந்த பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியும், நான் வாயை திறக்கல.

அப்புறம் ஸ்டீம் பிரஷர் இறங்குனா ரியாக்டர் ஃபீட் தானா குறையற மாதிரி லாஜிக் போட்டு கொடுத்தேன். ட்ரிப் குறைஞ்சுது, சுத்தமா நிக்கல. பிரஷரை அளக்குற ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஒரு கண்ட்ரோல் லூப்பும் கூடுச்சு, அது கெட்டா என்ன ஆகும்ங்கிற கேள்வியும் கூடுச்சு. எளிமையா இருக்கறதும் அதே க்ளெட்ஸ் சொன்னதுதானே.

எங்க ஊர்ல மழை முற்றத்துல விழுந்தா அண்டாவுல பிடிப்பாங்க, ஊருக்கு விழுந்தா வரத்துக்கால் வழியா ஊரணிக்கு போகும். தேக்கி வெச்சே பொழைச்ச சனம் நாங்க. தண்ணிய தேக்கறதும் டொலுயீனை தேக்கறதும் ஒண்ணு இல்ல, தெரியும். ஆனா வரத்து சீரா இல்லாத எடத்துல தேக்கம் எதுக்குன்னு பார்த்து வளர்ந்தவனுக்கே அது தோணாம போச்சேங்கிறதுதான் உறுத்துது.

போன மாசம் வேற ஒரு பிராஜெக்ட்டுல இதே மாதிரி ஒரு டேங்க் வந்துச்சு. டிசைன் ஷீட்ல ஆபரேட்டருக்கு எத்தனை நிமிஷம்னு ஒரு காலி கட்டம் நானே போட்டு வெச்சிருக்கேன். அண்ணே ரிட்டயர் ஆகி பள்ளத்தூர் பக்கம் இருக்காரு, போன் பண்ணி கேட்டேன். "பகல் ஷிஃப்டா, ராத்திரியா தம்பி? கூட எத்தனை பேரு?" ன்னு கேட்டாரு. அது ரெண்டும் டிசைனுக்கு அடிப்படையா எழுதி வெச்ச கணக்குல எங்கயும் இல்ல. அரை மணி நேரம்னு போட்டா 2 ஆயிரம் லிட்டர் காலியா இருக்கணும், டேங்க் 4 ஆயிரம் ஆயிடும். அதை எழுதி அழிச்சிட்டேன், மெமோ பத்தி அவருகிட்ட பேசணும்னு நெனச்சதும் பேசல.