அரிவாள் சிவந்தால் சுண்ணாம்பு போடு

கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மழை ஓய்ந்ததும் அப்பா, பூஞ்சை நோயைத் தடுக்கும் போர்டோ கலவை போடுவார். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), இன்னொன்றில் 1 கிலோ சுண்ணாம்பு, இரண்டுக்குமாக 100 லிட்டர் தண்ணீர். இரும்பு வாளி கிட்டேயே வரக்கூடாது. கலந்து முடித்ததும், தீட்டிய அரிவாளை ஒரு நிமிஷம் முக்கி எடுப்பார்.

"செவந்துச்சுன்னா துத்தம் மிச்சம் கெடக்கு. எலை பொசுங்கிரும். இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பப் போடு."

அந்தச் சிவப்பு செம்பு. அரிவாளின் இரும்பு, துத்தத்திலிருந்து செம்பை வெளியேற்றும் ஒற்றை இடப்பெயர்ச்சி வினை. பள்ளியில் அதையே கரும்பலகையில் எழுத்துகளாக எழுதிப் போட்டபோது மனப்பாடம் செய்தேனே தவிர, அரிவாள் நினைவுக்கே வரவில்லை. இன்றும் எனக்கு அது ஆற்றாமைதான்.

போன மாதம், பத்தாம் வகுப்பில் இருக்கும் என் மகள், செம்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் வரும் என்று தேர்வில் எழுதியிருந்தாள். சமன்பாடு அழகாகச் சமனாகியிருந்தது. ஆனால் அப்படி ஒரு வினை நடப்பதே இல்லை. எழுத்துகளை இடம் மாற்றிப் போடப் பழகிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

உரக்கடையில் கொஞ்சம் துத்தம் வாங்கி, பழைய கண்ணாடி டம்ளரில் கரைத்தோம். (அந்த டம்ளர் இனி அடுப்படிக்குள் வராது.) உப்புத்தாளால் தேய்த்த ஆணியைப் போட்டதும் சிவப்பு படியத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் நீலம் வெளுத்துப் பச்சை தட்டியது. அந்தப் பச்சை இரும்பு சல்பேட்; நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பெயர் அன்னபேதி. இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் போகிறது. செம்பு அயனி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு உலோகமாக ஆணியில் படிகிறது. சல்பேட் இதில் எதுவுமே செய்வதில்லை. எனவே இடம் மாறுவதைவிட, எலக்ட்ரானை யார் எளிதாக விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. வினைபடு திறன் வரிசை சொல்வது அதைத்தான், எளிதாக விடுவது மேலே: மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி. ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கும் செம்பால் அதை அமிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. அவள் தானாகவே விரல் வைத்துக் காட்டினாள்.

உடனே அடுத்த கேள்வி. "ம்மா, அலுமினியம் இரும்புக்கு மேல இருக்கே, இன்னும் வேகமா நடக்கணும்ல?"

சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கிழித்துப் போட்டோம். பத்து நிமிஷம் ஆகியும் ஒன்றுமில்லை. அவள் முகம் வாடிவிட்டது. ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடச் சொன்னேன். சற்று நேரத்தில் தாள் ஓரங்களில் குமிழி கிளம்பியது, டம்ளர் சூடானது, தாள் பொத்தல் பொத்தலாகி அடியில் செம்பு செங்கல் பொடி மாதிரி தங்கியது. அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று மூடியிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதை உடைத்துவிடுகிறது. வரிசையில் மேலே இருந்தால் மட்டும் போதாது, உலோகம் கரைசலைத் தொடவும் வேண்டும்.

அன்றிரவே அவள் தாத்தாவுக்கு போன் போட்டாள். "தாத்தா, அரிவாளத் தீட்டிட்டு முக்குவீங்களாமே, மேல இருக்கற துருப் படலம் போகத்தானே?"

"அது என்னமோ தாயி. துருப்பிடிச்ச அருவா முன்னயே செவப்பாத்தான இருக்கும், முக்கிப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்க?"