வளைகுடா போய் வந்த செய்கோ டைவரை ஏலத்துக்கு விடுவது

ஹட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய் இணைய ஏலத்தில் விட்ட செய்கோ 6309-7040 டைவர் மணிக்கூடு (நீருக்கடியில் மூழ்குபவர்களுக்கான கைக்கடிகாரம்) ஒன்றை வைத்தே இதை எழுதுகிறோம். சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் கையில் கட்டிக்கொண்டு வந்து, பிறகு அலுமாரியில் கிடந்துவிட்ட மாதிரி இது. 1976 முதல் 1988 வரை வந்தது. தலையணை வடிவ ஸ்டீல் உடல், 4 மணிப் பக்கத்தில் திருகிப் பூட்டும் கிரவுன் (நேரம் வைக்கும் குமிழ்), நீர் தாங்கும் ஆழமாக 150 மீற்றர் என்ற எழுத்து, 22 மி.மீ. பட்டி.

முதலில் பின்மூடியைப் படிக்க வேண்டும். மாதிரி எண்ணைத் தவிர ஆறு இலக்கத் தொடர் எண்ணும் அங்கே இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இடத்தில் இருப்பது மாதம். ஒக்டோபருக்கு O, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. எங்கள் மணிக்கூட்டின் எண் 2N என்று தொடங்கியது, ஆகவே 1982 நவம்பர். முதல் இலக்கம் 6, 7, 8 என்றால்தான் சிக்கல்: 6 என்பது 1976ஆகவும் இருக்கலாம், 1986ஆகவும் இருக்கலாம். ஊகித்து ஒன்றை எழுதாமல் இரண்டு ஆண்டையும் எழுதிவிடுங்கள். பழைய தேதி போட்டால் விலை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏலத்தில் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது எல்லாம் ஒரே மணிக்கூட்டின் பாகங்களா என்பது. டயலின் அடியில் 6 மணிக்குக் கீழே, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்தால் மட்டும் தெரியும் பொடி எழுத்து 6309-704 என்று தொடங்க வேண்டும். உள்ளே இயந்திரத்தில் 6309A, 17 கல் (சக்கரங்களின் உராய்வைத் தாங்கும் ஜுவல் கற்கள்) என்று இருக்க வேண்டும். 21 கல் என்று கண்டால் யாரோ வேறு இயந்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். அரபு நாட்டில் வாங்கியதில் கிழமை வளையம் ஆங்கிலமும் அரபியுமாக இருக்கும். படிக்க முடியவில்லை என்று அந்த வளையத்தை மாற்றித் தரக் கேட்பவர்கள் வருகிறார்கள், மாற்றவே வேண்டாம். மணிக்கூடு எங்கே விற்கப்பட்டது என்பதற்கு உள்ளேயே இருக்கும் சாட்சி அதுதான்.

மலைநாட்டில் பெரிய எதிரி ஈரம். மூடியைத் திறக்கும் முன் ஒரு சோதனை: மேசை விளக்கின் கீழ் வைத்து, தொட்டால் இளஞ்சூடு தெரியும்வரை விட்டு, கண்ணாடி நடுவில் ஒரு துளி குளிர்ந்த நீர் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் அந்த இடத்தின் உட்பக்கம் மங்கலாகப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. திறக்கும் நாளும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழையில் திறந்து மூடினால் அறையின் ஈரக்காற்றையே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். இரவுக் குளிரில் அது கண்ணாடிக்கு உள்ளே நீராக இறங்கும். மாசி, பங்குனி வெயில்தான் எங்கள் தெரிவு. பதுளை, பண்டாரவளையில் வடகீழ் பருவமழையைத் தவிர்க்க வேண்டும். திறந்தவுடன் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். பல வருட வியர்வை உப்பு அங்கே தங்கி, துருப்பிடிக்காத உருக்கையும் சிறு குழிகளாக அரித்திருக்கும். அதை நிரப்பப் போகாமல் படமெடுத்துக் குறிப்பில் எழுதுங்கள்.

பொலிஷ் போடாதீர்கள். இந்த உடலின் மேற்பக்கம் கோடு இழுத்த மங்கல், பக்கவாட்டு பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூராக நிற்பதற்குத்தான் காசு. பஃப் சக்கரத்தில் (பொலிஷ் போடும் துணிச் சக்கரம்) ஒருமுறை பிடித்தால் அந்த விளிம்பு உருண்டுபோகும், பிறகு திரும்பாது. இரவில் ஒளிரும் பூச்சு கருத்துப் பொடிந்திருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். புதுப் பூச்சு போட்டதா என்று அறிய டோர்ச் அடித்து இருட்டில் பாருங்கள்: முட்கள் பல நிமிடம் பச்சையாக நின்று, டயல் உடனே அணைந்தால், முட்கள் மாற்றப்பட்டவை அல்லது பூசப்பட்டவை.

செய்யக்கூடியது சுத்தம் மட்டும். பட்டியைக் கழற்றி (பட்டியைப் பிடிக்கும் ஊசி 2.5 மி.மீ. தடிப்பு, சாதாரண ஊசி கழற்றும் கருவி வழுக்கும், அவசரப்பட்டால் பட்டி மாட்டும் கால்களுக்கிடையில் கீறல்), இளஞ்சூட்டு சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது. தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. 150 மீற்றர் என்பது 1982இன் ரப்பருக்குச் சொன்னது.

படத்துக்கு மூடுபனி நாள் அருமை. ஜன்னலோரம் நிழல் விழாத வெளிச்சம், பிளாஷ் தேவையில்லை. இந்த இயந்திரத்தில் கிரவுனை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. ஆகவே ஓடி முடியவிட்டு, பிறகு 10.10க்கு வைத்து எடுங்கள். கிழமையையும் தேதியையும் மாற்றும்போது முட்கள் இரவு 9க்கும் அதிகாலை 4க்கும் இடையில் நிற்கக்கூடாது. முகம், இரு பக்கம், பின்மூடி எண்கள், திறந்த இயந்திரம், திருகி வெளியே எடுத்த கிரவுனின் மரை, பெசலின் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம்) கீறல்கள் எல்லாம் வேண்டும். கிரவுன் மரை தேய்ந்திருந்தால் மறைக்க வேண்டாம். வாங்கியவர் முதலில் திருகிப் பார்ப்பது அதைத்தான்.

பணக் கணக்கை ஏல நிறுவனத்தோடு கையெழுத்திடும் முன்பே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஏலம் 80,000 ரூபாவில் முடிகிறது, விற்பவர் தரகு 15 வீதம், காப்புறுதி 1.5 வீதம், படக் கட்டணம் 2,500 என்றால் கைக்கு வருவது 64,300. வாங்குபவர் தன் பக்கத்தில் தனியாகக் கூடுதல் தொகை கட்டுவார். 20 வீதம் என்றால் அவருக்கு 96,000. அவர் மனதில் விலை அதுதான். ஆகக்குறைந்த விலையை மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கு மேல் வைக்க விடமாட்டார்கள். நாங்கள் அதற்கும் கொஞ்சம் கீழேயே வைப்போம். கேட்பவர்கள் இரண்டு பேராவது உள்ளே வந்தால்தான் விலை ஏறும். நடுவில் மீளப்பெற்றால் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கொரியர் அனுப்புமுன் அவர்களின் காப்புறுதியில் மணிக்கூடு அடங்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் ரயிலில் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, தொடர் எண் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பட்டியல் வரைவு வந்ததும் மாதிரி எண், ஆண்டு, மாற்றப்பட்ட பாகங்கள் மூன்றையும் சரிபாருங்கள். எங்கள் வரைவில் கிழமை வளையம் ஆங்கிலம் என்று மட்டும் வந்திருந்தது. படத்தோடு எழுதித் திருத்தினோம். வாங்குபவர் செலுத்திய பிறகே பணம் வரும், வங்கிக் கணக்கின் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும்.