சுற்றுலாப் பொருளியல் தாள்: சூத்திரத்துக்கு முன் எல்லைக்கோட்டை வரையுங்கள்

நேற்று மாலை தேர்வு முடிவு வெளியானது. முதுகலைப் பொருளியலில் எனக்கு நிலுவையாக இருந்த ஒரே தாளான சுற்றுலாப் பொருளியலில் 71 மதிப்பெண் பெற்றுத் தேறிவிட்டேன். சென்ற முறை இதே தாளில் 38தான் கிடைத்தது. அதே பருவத்தில் ஆய்வேடும் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே பிழைதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு அந்த நான்கு மாதங்களாவது மிச்சமாகட்டும் என்று, சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

தாளின் அமைப்பைப் பற்றிச் சொல்லப்போவதில்லை; அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு வட்டாரப் பொருளாதாரத்தின் மீது சுற்றுலா ஏற்படுத்தும் தாக்கத்தை எப்படி அளப்பது என்ற வினா ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். அந்த ஒரு வினாவைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

என் ஆய்வேடு நீலகிரி மாவட்டத்தைப் பற்றியது. உதகமண்டலத்தின் கோடைப் பருவத்தில் பயணிகள் செலவிடும் தொகையைக் கணக்கிட்டு, அதைப் பெருக்கியால் (ஊருக்குள் நிற்கும் ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி மொத்தம் எத்தனை ரூபாய் வருமானமாகிறது என்று காட்டும் எண்) பெருக்கி, மாவட்டத்துக்கு இவ்வளவு வருமானம் என்று முடித்திருந்தேன். பெருக்கியின் மதிப்பு 2 என்று கடையில் விற்கும் ஒரு வழிகாட்டி நூலில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளித் தேர்வாளர் செலவுப் பட்டியலில் விரலை ஓட்டி, "வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்" என்ற வரியில் நிறுத்தினார். "இந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் சர்க்கரை எந்த ஊர்க் கரும்பு என்று சொல்லும்மா?" என்று கேட்டார். நீலகிரியில் கரும்பு விளையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி எதை நோக்கி வருகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதைப் பிறகு நானே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். புரிவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒரு பயணி 1000 ரூபாய்க்குச் சாக்லேட் வாங்குகிறார். கோகோ, சர்க்கரை, பால்பவுடர் ஆகியவற்றுக்காக 550 ரூபாயும், அட்டைப்பெட்டிக்கும் உறைக்கும் 100 ரூபாயும் மலைக்குக் கீழே போய்விடுகின்றன. கூலி, வாடகை, கடைக்காரரின் லாபம் என்று மாவட்டத்துக்குள் நிற்பது 350 ரூபாய்தான். அந்த வருமானத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் 30 விழுக்காடு மட்டுமே உள்ளூரிலேயே மீண்டும் செலவாகிறது என்றால், பெருக்கியின் மதிப்பு ஒன்றை 0.7ஆல் வகுக்கக் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 1.43. அதன்படி மாவட்டத்தின் வருமானம் 500 ரூபாய். நான் எழுதியிருந்ததோ 2000. நான்கு மடங்கு பிழை! அதுவும் கடைக்காரர் உள்ளூர்க்காரர் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த 500 ரூபாயும் நிற்கும். உரிமையாளர் வேறு மாவட்டத்தில் இருந்தால் லாபமும் முதல் சுற்றிலேயே மாவட்டத்துக்கு வெளியே கசிந்துவிடும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். எந்தச் சூத்திரத்தையும் எழுதுவதற்கு முன் வட்டாரத்தின் எல்லைக்கோட்டை வரையுங்கள். இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை; விடைத்தாளில் உண்மையாகவே ஒரு கட்டம் வரைந்து, உள்ளே வரும் பணத்துக்கு ஓர் அம்புக்குறியும் வெளியே போகும் பணத்துக்கு ஓர் அம்புக்குறியும் இடுங்கள். இந்த முறை நான் அதைத்தான் முதல் அரைப்பக்கத்தில் செய்தேன். நேரடி, மறைமுக, தூண்டப்பட்ட விளைவுகள் என்று மனப்பாடம் செய்த மூன்றும் அந்தக் கட்டத்துக்குள் தாமாகவே அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. விடுதிக்குப் பயணி கொடுப்பது நேரடி. விடுதி சலவைக்காரருக்கும் காய்கறிக் கடைக்கும் கொடுப்பது மறைமுகம். விடுதிப் பணியாளர் தன் சம்பளத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது தூண்டப்பட்டது. அந்தப் பணியாளர் பருவத்துக்கு மட்டும் வந்தவராக இருந்து, சம்பளத்தைச் சொந்த ஊருக்கு அனுப்பினால், மூன்றாவது விளைவு இங்கே இல்லை.

கட்டம் வரைந்தபின் யாருடைய செலவைச் சேர்ப்பது, யாருடையதை விடுவது என்பது தெளிவாகிவிடும். நான் தவறாகச் சேர்த்தவர்கள் இவர்கள்:

- குன்னூரிலிருந்து உதகை மலர்க் காட்சிக்கு வந்த குடும்பங்கள். அவர்கள் செலவிட்டது மாவட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்த பணம். இங்கே செலவிடாவிட்டால் குன்னூரிலேயே வேறொன்றுக்குச் செலவிட்டிருப்பார்கள்.
- எப்படியும் அந்த ஆண்டு வரவிருந்து, மலர்க் காட்சிக்காகத் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள். மலர்க் காட்சியின் தாக்கத்தைத் தனியே அளக்கும்போது இவர்களை நீக்க வேண்டும்.
- உறவினர் திருமணத்துக்கு வந்து, வந்த இடத்தில் பூங்காவையும் பார்த்தவர்கள். இவர்களும் மலர்க் காட்சிக் கணக்கில் சேர மாட்டார்கள்.
- கூடலூர் வழியாக மைசூருக்குப் போகிற போக்கில் தேநீருக்கு நிறுத்தியவர்கள். இவர்களைப் பயணி என்று சேர்த்தது அல்ல, தங்குபவர்களின் சராசரிச் செலவை இவர்கள் தலையிலும் ஏற்றியதுதான் என் பிழை.

இப்போதெல்லாம் தேர்வில் இ-பாஸ் பற்றிய வினாவும் வரக்கூடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. வாகன எண்ணிக்கை கையில் கிடைத்துவிட்டதே என்று அதைச் சராசரிச் செலவால் பெருக்கிவிடத் தோன்றும். அரசுப் பேருந்தில் வருபவர்களும் மலை ரயிலில் வருபவர்களும் அந்த எண்ணுக்குள் இல்லை. ஒரு வாகனத்தில் இரண்டு பேரும் வரலாம், பன்னிரண்டு பேரும் வரலாம். காலையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து மாலையில் திரும்பும் குடும்பமும் மூன்று இரவு தங்கும் குடும்பமும் அந்தப் பட்டியலில் ஒன்றுபோலவே நிற்கும்.

கள ஆய்வு செய்பவர்களுக்கு ஒன்று. முதல் முறை நான் அரசுத் தாவரவியல் பூங்கா வாசலில் நின்று வினாத்தாளை நிரப்பினேன். அங்கே சந்தித்த குடும்பமே மறுநாள் படகு இல்லத்திலும் என்னிடம் வந்தது. அதிக நாள் தங்குபவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் நம் கண்ணில் அதிகமாகப் படுவார்கள். அதனால் சராசரித் தங்கலும் சராசரிச் செலவும் உண்மையைவிடக் கூடிவிடும். மேலும், மதியம் பூங்காவில் இருப்பவரிடம் செலவைக் கேட்டால், அவர் இனிமேல்தான் வர்க்கியும் தைலமும் வாங்கப்போகிறார். கோடைப் பருவத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வாகனங்களைக் குன்னூர் வழியாக ஏற்றி, திரும்புபவற்றைக் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள் அல்லவா? இரண்டாவது முறை கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டேன். ஊர் திரும்புகிறவர்கள் பையைத் திறந்து காட்டி, விடுதி ரசீதைப் பார்த்துத் தொகை சொன்னார்கள். ஒரு பெண்மணி, கைப்பேசியில் பணம் செலுத்திய பட்டியலையே திறந்து என்னிடம் நீட்டினார். அந்த ஓர் இடமாற்றம் என் தரவைக் காப்பாற்றியது.

உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வை, அதாவது ஒவ்வொரு துறையும் மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதை அட்டவணையாக்கிக் கணக்கிடும் முறையை, பலரும் அச்சத்தோடு ஒதுக்குகிறார்கள். அதை உருவாக்கிய வாசிலி லியோன்டீஃப் 1973இல் நோபல் பரிசு பெற்றார் என்பதோடு நிறுத்திக்கொண்டால் மதிப்பெண் வராது. இரண்டு துறைகள் மட்டுமுள்ள ஓர் அட்டவணையை வைத்து, லியோன்டீஃப் நேர்மாறு அணியைக் கையால் கணக்கிட்டுப் பழகுங்கள். பத்துக் கணக்குப் போட்டால் போதும். பிறகு, மாவட்ட அளவில் அத்தகைய அட்டவணை நம்மிடம் இல்லை என்பதையும், அதனால் தேசிய அட்டவணையை அமைவிடக் குணகத்தால் (ஒரு துறைக்கு மாவட்டத்தில் உள்ள பங்கை நாட்டளவில் அதற்குள்ள பங்கோடு ஒப்பிடும் விகிதம்) சுருக்கிப் பயன்படுத்துகிறோம் என்பதையும், அந்தச் சுருக்கம் வெளியிலிருந்து வாங்குவதைக் குறைத்தே காட்டும் என்பதையும் எழுதுங்கள். இதற்கு நான் கேரட்டை எடுத்துக்காட்டாக எழுதினேன். நீலகிரியில் தேவைக்கு மேல் கேரட் விளைகிறது. ஆகவே விடுதிகள் அதை வெளியிலிருந்து வாங்குவதே இல்லை என்று குணகம் சொல்லும். ஆனால் நான் பேசிய ஒரு விடுதியின் சமையல் கிடங்குப் பொறுப்பாளர், மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மற்ற காய்களோடு ஏறி வரும் கேரட்டைத்தான் வாங்குவதாகச் சொன்னார். மலையில் விளைந்து, கீழே போய், தரகும் ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்து மீண்டும் மலையேறிய கேரட் அது. அந்த வித்தியாசத் தொகை முழுவதும் கசிவு.

சுற்றுலாத் துணைக்கணக்கை, அதாவது தேசியக் கணக்கிலிருந்து சுற்றுலாவின் பங்கைப் பிரித்துக் காட்டும் கணக்கை, பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். ஐக்கிய நாடுகள் அவையின் 2008 வழிமுறை அதற்கு இப்போதைய அடிப்படை. இந்தியா 2002-03, 2009-10, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு அதைத் தயாரித்தது. அதன் அடிப்படை அட்டவணைகள் நேரடிப் பங்களிப்பை மட்டுமே காட்டும், பெருக்கி விளைவு அதில் இல்லை என்ற ஒரு வரி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய மாதம் நான் செய்தவை:

- விடியற்காலையில் ஒரு கணக்கு, பேனாவால், முழுமையாக.
- கடையில் எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் விலையில் எவ்வளவு ஊருக்குள் நிற்கும் என்று ரசீதின் பின்பக்கத்தில் பிரித்து எழுதுதல்.
- விற்பனைப் பெருக்கி, வருமானப் பெருக்கி, வேலைவாய்ப்புப் பெருக்கி ஆகிய மூன்றையும் ஒரே எடுத்துக்காட்டில் கணக்கிடுதல். எந்தப் பெருக்கி என்று பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போய்விடும்.

குழுவாக அமர்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, மெதுவாகப் படிப்பவர்களுக்கே இந்த முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். தாக்கம் வேறு, நன்மை வேறு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். குடிநீர்ப் பற்றாக்குறை, குப்பை, மலைச்சாலை நெரிசல், உள்ளூர்க்காரருக்கு ஏறும் வீட்டு வாடகை ஆகிய எதையும் பெருக்கி காட்டாது. அவற்றைச் செலவு-பயன் பகுப்பாய்வு என்ற தனித் தலைப்பின் கீழ் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். இந்த முறை கடைசி வினாவே அதுதான்.