ஏற்காட்டு ஓடையில் பூச்சி பிடித்த கதை

எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்ட்டுக்கு நன்னீர்ச் சூழலை எடுத்தால், சேலத்தில் பலரும் முதலில் நினைப்பது ஒன்றுதான்: மலையில் ஒரு ஓடை, ஊருக்குள் திருமணிமுத்தாறு, இரண்டிலும் உள்ள பூச்சிகளை ஒப்பிட்டு அழுக்கின் பாதிப்பைப் பார்க்கலாம். எங்கள் கைடு மேடம் அதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார். "உயரம், வெயில், நீரோட்டம், அடியில கிடக்கிற கல்லு மண்ணு எல்லாமே வேற. எது அழுக்கால வந்த வித்தியாசம்னு எப்படிப் பிரிப்ப?" என்பார். ஒரே ஓடையில் கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி எடுக்க வேண்டும். அதுதான் நியாயமான ஒப்பீடு.

சேர்வராயன் மலையில் காப்பி அறுவடைக் காலத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது கஷ்டமில்லை. பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் கொட்டகையிலிருந்து வரும் தண்ணீரில் சர்க்கரை அதிகம். அது புளித்து அமிலமாகும். அதைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் ஓடையின் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். கஷ்டமெல்லாம் அனுமதியில்தான். எஸ்டேட் என்றால் உரிமையாளரின் சம்மதம், காப்புக்காடு என்றால் வனத்துறைக் கடிதம். துறைத்தலைவர் கையெழுத்தோடு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுங்கள். மழை வெள்ளம் வடிந்து ஓடை நிதானமாகும் வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வெள்ளம் பூச்சிகளையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

வேலை என்னவோ சுலபம்தான். வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். இரண்டு புள்ளியிலும் கடிகாரம் பார்த்து மூன்று மூன்று நிமிடம். குளிரில் கால் மரத்துப்போகும். எஸ்டேட் வாட்ச்மேன் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னா கண்ணு, தங்கம் கிங்கம் கெடைக்குதா?" என்றார். "இல்லீங்கய்யா, பூச்சி" என்றதும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வலையில் சிக்கியதை வெள்ளை டிரேயில் கொட்டினால் முதலில் வெறும் இலைக்குப்பைதான் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் குப்பை நகர ஆரம்பிக்கும். மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் துடித்துக்கொண்டே இருக்கும் செவுள்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டே வால். மணல்துண்டு ஒன்று தானாக நடந்தால் அது கேடிஸ்ஃப்ளை, உடம்பைச் சுற்றி மணலை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும். ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீரை விரும்பும் பூச்சிகள் இவை, மேல் புள்ளியில் இதெல்லாம் தாராளமாகக் கிடைத்தது. கீழ் புள்ளியில் ஸ்டோன்ஃப்ளை ஒன்றுகூட இல்லை. டிரே நிறைய ரத்தப்புழு, கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழு, மீன் தொட்டிக் கடையில் தீனியாக விற்பார்களே, அதேதான். அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் சமாளித்துவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விங்க்லர் முறை என்ற வேதிச் சோதனையில் பார்த்தோம். காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்ஃபேட்டும் கார அயோடைடு கரைசலும் அங்கேயே சேர்த்துவிட வேண்டும். படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. அப்புறம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, கல்லூரி ஆய்வகத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிட தயோசல்ஃபேட் டைட்ரேஷன்.

இதில்தான் சுவாரசியம். பல்ப்பர் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த தண்ணீரில், கீழ் புள்ளியின் ஆக்சிஜன் மேல் புள்ளியை ஒட்டியே இருந்தது. தண்ணீரும் கண்ணாடிதான். அன்றைக்குப் பாட்டிலை மட்டும் நம்பியிருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்போம். ஆனால் டிரேயில் அதே ரத்தப்புழுதான். பாட்டில் அந்த நிமிடத்தைச் சொல்லும். பூச்சியோ வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து எல்லாக் கழிவையும் வாங்கியது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "மேல் புள்ளியிலயே ஆக்சிஜன் லிட்டருக்கு 7.4 மில்லிகிராம்தானா? 20 டிகிரிக்கு 9 வரணுமே" என்று பிடித்துக்கொண்டார். அந்த 9 கடல்மட்டத்துக்கான கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே வெப்பநிலையில் தண்ணீர் பிடித்துவைப்பதே ஏறக்குறைய 7.5தான். மலையில் வேலை செய்கிறவர்கள் இந்தத் திருத்தத்தை அறிக்கையிலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து ஜூனியர்கள் இதே இரண்டு புள்ளிகளில் பல்ப்பர் ஓடாத மாதங்களிலும் வலை போடுகிறார்கள். ஸ்டோன்ஃப்ளை திரும்பி வருகிறதா என்று அதில்தான் தெரியும்.